சண்டைக்கு முன்அனுமதி

நீரேற்று நிலையத்துக்கு வெளியே சாலையில் பெரிய குழாய் ஒன்று வெடித்தது. நாற்பத்து மூன்று வருஷத்துக் குழாய். வெடித்த நேரத்தில் பம்பு அறையில் பணியில் இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நாங்கள் அவரை வால்வு அண்ணன் என்போம்.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. அழுத்தமானியைப் பார்த்தார்கள், பதிவேட்டைப் புரட்டினார்கள், டீ குடித்தார்கள். கிளம்பும்போது ஒருவர், அன்றைக்குக் காலையில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று கேட்டார். அண்ணன் சூதுவாது தெரியாத மனிதர். "மாறா ஒண்ணும் இல்ல சார். வழக்கம்போல வீட்டுல ஒரு சண்டை. அத முடிச்சிட்டு டூட்டிக்கு வந்தேன்" என்றார்.

அறுபத்து நான்கு பக்க அறிக்கையில் அந்தச் சண்டைக்கு மட்டும் முப்பத்தொரு பக்கம். மனக் கொந்தளிப்பில் இருந்த ஊழியரின் கை வால்வைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் திருகியிருக்கக்கூடும் என்று முடித்திருந்தார்கள். குழாயின் வயது நாற்பதாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக இருந்தது. குழாயை மாற்ற நிதி இல்லை என்பதால், ஊழியர்களின் இல்லங்களில் அமைதியை நிலைநாட்டப் பரிந்துரைத்திருந்தார்கள்.

நான் அதே துறையில் ஸ்டோர் கிளார்க். குவார்ட்டர்ஸில் அண்ணன் வீட்டுக் கூடத்துக்கும் என் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவர்கள் சண்டை போடுவது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும், எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஆரம்பிக்கும். அண்ணனுக்குக் குரல் ஏறும். அவர் மனைவி தையலக்காவுக்குக் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரண நாளில் "என்னங்க" என்று கூப்பிடுகிறவர், கோபம் வந்தால் "ஐயா சொல்லட்டும், நாங்க கேட்டுக்கறோம்" என்பார். ஐயா வந்துவிட்டால் அண்ணன் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். இருபது நிமிஷம், மிஞ்சிப் போனால் அரை மணி. பிறகு கொஞ்சம் அமைதி, டம்ளர் சத்தம், அப்புறம் இரண்டு பேரும் யாரையோ கிண்டல் பண்ணிச் சிரிக்கிற சத்தம். அந்த யாரோ பல நாள் நான்தான்.

அந்தச் சண்டைகளில் காரியமும் நடந்தது. மகளை வெளியூர் விடுதியில் சேர்ப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் போட்டார்கள், நான்காம் நாள் பெட்டி கட்டினார்கள். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பயந்து அண்ணன் ஒரு வருஷம் இழுத்தடித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சண்டை முடித்துவைத்தது. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். "நாமளும் ஒரு நாள் இப்படிப் பேசித் தீத்தா என்ன" என்பாள். நான் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்துபோவேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

பரிந்துரை வந்து இரண்டு மாதத்தில் குடும்ப நல்லிணக்கப் பிரிவு திறக்கப்பட்டது. மீட்டர் பழுதுபார்க்கும் கொட்டகையைக் காலி செய்து, தடுப்பு வைத்து, மூன்று அறைகளாக ஆக்கினார்கள். மீட்டர்கள் மரத்தடிக்குப் போயின. பிரிவின் அலுவலராக வந்தவர் அதுவரை கழிவுநீர்ப் பிரிவில் இருந்தவர். அடைப்பு எடுப்பதில் பதினெட்டு வருஷ அனுபவம் உள்ளவர் என்று தலைமைப் பொறியாளர் அவரை அறிமுகம் செய்தார். நல்ல மனிதர்தான், யாரிடமும் கோபப்பட்டுப் பேசமாட்டார். நாங்கள் அவருக்கு இணக்கம் சார் என்று பெயர் வைத்தோம். திறப்பு விழாவுக்கு எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று உத்தரவு. அங்கே அவர் பேசியது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"என் இல்லத்தில் பதினோரு ஆண்டுகளாக ஒரு சச்சரவுகூட நிகழ்ந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆவணங்களின் அடிப்படையில் சொல்கிறேன். என் துணைவியார் மாடியில் வசிக்கிறார். நான் கீழ்த்தளத்தில் வசிக்கிறேன். ஏதேனும் தேவைப்பட்டால் துண்டுச்சீட்டில் எழுதிப் படிக்கட்டில் வைத்துவிடுவோம். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு நாற்பது சீட்டுகள். சென்ற ஆண்டு இருபத்தாறு. இந்த ஆண்டு இதுவரை நான்கு. ஆக, தேவைகளே குறைந்துவருகின்றன. இதைத்தான் நான் மகிழ்ச்சி என்கிறேன்."

எல்லாரும் கைதட்டினோம். தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே விதிகள் வந்துவிட்டன. குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் தம்பதியர் சச்சரவு செய்ய விரும்பினால் ஏழாம் எண் படிவத்தில் விண்ணப்பித்து முன்அனுமதி பெறவேண்டும். அனுமதி பெற்ற சச்சரவு பிரிவின் மூன்றாம் எண் அறையில், அலுவலர் முன்னிலையில், அரை மணி நேரத்துக்கு மிகாமல், எழுத்துத் தமிழில் நடைபெறவேண்டும். பேச்சுத் தமிழில் சூடு சீக்கிரம் ஏறிவிடுகிறது, எழுத்துத் தமிழில் வாக்கியம் முடிவதற்குள் ஆறிவிடுகிறது என்று அதற்கு விளக்கம் கொடுத்திருந்தார்கள். அனுமதி இல்லாத சச்சரவுக்குச் சிவப்புக் குறிப்பு. மூன்று சிவப்பு சேர்ந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சுவர்ச் சாட்சி. மாதம் ஒரு தடவை, கேட்ட சத்தங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். அண்ணன் வீட்டுக்குச் சுவர்ச் சாட்சி நான்.

சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு நடந்தது. குளோரின் வாசனை அடிக்கிற கூடத்தில் கணவன்மார் ஒரு பெஞ்சு, மனைவிமார் எதிர்ப் பெஞ்சு. கையில் ஆளுக்கொரு வாக்கியப் புத்தகம். முதல் பாடம் ஈரத்துண்டு. கணவர் சொல்லவேண்டியது: "தாங்கள் ஈரத்துண்டைக் கட்டிலில் இட்டபோது என் உள்ளத்தில் வருத்தம் எழுந்தது." மனைவி சொல்லவேண்டியது: "தங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆவன செய்கிறேன்."

அண்ணன் எழுந்து, எங்கள் வீட்டில் துண்டைக் கட்டிலில் போடுகிறவன் நான், அவள் இல்லை என்றார். இணக்கம் சார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணவர் பகுதியில் இந்த வாக்கியம்தான் உள்ளது, இதையே சொல்லுங்கள் என்றார். அண்ணன் தன் துண்டுக்குத் தன் மனைவியைக் குற்றம் சொன்னார். தையலக்கா தலையைக் குனிந்துகொண்டு ஆவன செய்வதாக ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அண்ணன் தாங்கள் தங்கள் என்று இழுக்க, அக்கா மூச்சு முட்டச் சிரித்தார். மாதக் கடைசியில் சாட்சிப் படிவத்தைப் பார்த்தேன். "அதிக ஒலி: ஆம் / இல்லை" என்று மட்டும்தான் இருந்தது. பொய் எழுத மனசு வரவில்லை. ஆம் என்று எழுதினேன். முதல் சிவப்பு.

அடுத்த மாதம் அக்கா கையிலிருந்து பாத்திரம் ஒன்று நழுவியது. "பாத்திரம் விழுந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். பிரிவில் "பாத்திரம் எறியப்பட்டது" என்று பதிவாகியிருந்தது. நேரில் போய்க் கேட்டேன். விழுந்த பாத்திரத்துக்குப் பதிவேட்டில் இடம் இல்லை, எறிந்த பாத்திரத்துக்குத்தான் இருக்கிறது என்று இணக்கம் சார் பொறுமையாகக் காட்டினார். "அதுவும் தவிர, பாத்திரம் காரணமில்லாமல் விழுந்தது என்றால் தணிக்கையில் கேள்வி வரும் தம்பி" என்றார். இரண்டாவது சிவப்பு. இரண்டுக்கும் கீழே இருந்தது என் கையெழுத்து.

அதன் பிறகு அண்ணன் வீட்டுக்குள் செருப்பில்லாத காலையும் மெதுவாக வைத்து நடந்தார்.

தையலக்கா சீருடை தைக்கிற ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்தார். அந்தச் சமயத்தில் கம்பெனி ஊருக்கு மறுகோடியில் இரண்டாவது யூனிட் திறக்க இருந்தது. அங்கே நாற்பது மெஷினுக்கு அக்காவை மேற்பார்வையாளராக வரச் சொன்னார்கள். மதியம் ஒரு மணிக்குப் போனால் ஒன்பது மணிக்கு வேனில் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும். பின்கட்டில் துணி காயப்போடும்போது என் மனைவியிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். முகமெல்லாம் ஒரு மாதிரி பளபளத்தது.

"அவர் ஒத்துக்க மாட்டார். குதிப்பார். அரை நாள் குதிக்கட்டும்" என்றார். "எனக்கும் அவர் என்ன சொல்றார்னு கேக்கணும். அவர் வேணாம்னு சொல்லச் சொல்லத்தான் எனக்கு வேணுமா வேணாமான்னு தெரியும்."

அன்று அண்ணன் டூட்டி முடிந்து வந்ததும் நானும் மனைவியும் சமையலறையில் எங்களுக்குத் தெரியாமலே நின்றுகொண்டிருந்தோம். அக்கா குரல் கேட்டது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டா உங்களுக்குக் கோபம் வரும்."

அண்ணன் தாழ்ந்த குரலில், "கோபம் வர விஷயம்னா இப்ப வேணாம். படிவம் போட்டுட்டுப் பேசுவோம். ஏற்கெனவே ரெண்டு சிவப்பு இருக்கு" என்றார்.

அக்கா மறுநாள் மதிய இடைவேளையில் போய்ப் படிவம் வாங்கி வந்தார்.

ஏழாம் எண் படிவம் நான்கு பக்கம். மூன்றாவது கேள்வி: "சச்சரவு ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? ஆம் எனில் விண்ணப்பிக்க இயலாது. இல்லை எனில், விண்ணப்பிக்கும் காரணம் என்ன?" அக்கா இதை என்னிடம் காட்டி என்ன எழுதுவது என்று கேட்டார். நான் அரசாங்கக் காகிதத்தில் பதினைந்து வருஷம் பழகியவன். "பின்னர் தொடங்கும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதச் சொன்னேன். அது சரியாக இருந்தது. மற்றவைதான் திரும்பி வந்தன.

முதல் வாரம், கணவர் என்ன ஆட்சேபம் சொல்வார் என்பதைக் கணவரே எழுதித் தரவில்லை என்று திரும்பியது. என்ன விஷயம் என்றே கணவருக்குத் தெரியாது, தெரிவித்தால் ஆட்சேபம் உடனே தொடங்கிவிடும் என்று அக்கா விளக்கக் கடிதம் வைத்தார். அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது வாரம், தம்பதியரிடையே தற்போது சச்சரவு ஏதும் நிலுவையில் இல்லை என்ற சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று திரும்பியது. அந்தச் சான்றிதழ் கொடுக்கவேண்டியவர் சுவர்ச் சாட்சி. கொடுத்தேன். மூன்றாவது வாரம், ஏழாம் எண் படிவம் ரத்தாகி ஏழு 'அ' படிவம் வந்துவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் ஓரத்தில் ஒரு கட்டம். அக்கா எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். நான்காவது வாரம் இணக்கம் சார் வெளியூரில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போயிருந்தார். கட்டுரையின் தலைப்பு, காலம் தாழ்த்தாத தீர்வுகள்.

மாதம் முடிந்து இரண்டு நாள் கழித்து, மேற்பார்வையாளர் வேலையை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மெஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தது தையலக்கா. இதை அக்கா எங்களிடம் துணிக்கொடி பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு, கிளிப்பை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டார். அழவில்லை. என் மனைவி அவர் கையைப் பிடித்தபோது மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்து, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டது காதில் விழுந்தது. அக்கா பதில் சொன்னார். புத்தகத்தில் இருக்கிற தமிழ். "எனக்கு வழங்கப்படவிருந்த மேற்பார்வையாளர் பதவி பிறருக்கு வழங்கப்பட்டது. இதுகுறித்து என் உள்ளத்தில் எவ்வித வருத்தமும் இல்லை."

அண்ணனுக்கு அப்படி ஒரு பதவி இருந்ததே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. என்ன பதவி, எப்போது, ஏன் சொல்லவில்லை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டார். ஆனால் அதையும் கிசுகிசுத்த குரலில்தான் கேட்டார். அக்கா, தங்கள் உணர்வை மதிக்கிறேன் என்றார்.

அதிலிருந்து மூன்று மாதம் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் பாதி திறந்தே கிடந்தது, திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கிற சத்தம் இரண்டு தடவை கேட்கும், வேறு வேறு நேரத்தில். நான் மாதாமாதம் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு சிவப்பும் அழிக்கப்பட்டன. நான்காம் மாதம் வால்வு அண்ணன் தம்பதியரை ஆண்டின் முன்மாதிரித் தம்பதியராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

விழாவில் இணக்கம் சார் உருக்கமாகப் பேசினார். "இத்தம்பதியர் ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஒரு சச்சரவு நிகழ்த்திவந்தவர்கள். இன்று ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதே இல்லை. இவர்கள் வீட்டில் இருவர் வசிப்பதற்கான அடையாளமே தெரியவில்லை என்று சுவர்ச் சாட்சி எழுதியிருக்கிறார்" என்றார். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். கவலைப்பட்டு எழுதினேன், அவர் பாராட்டாகப் படித்தார். இருவருக்கும் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேடையில் அண்ணன் ஒரு ஓரத்தையும் அக்கா இன்னொரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புகைப்படக்காரர் நெருங்கி நிற்கச் சொன்னார். கடிகாரம் இடையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் ஸ்டோருக்கு வந்தார். ஏதோ வாஷர் வேண்டும் என்றார். எடுத்து வைத்தேன், வாங்கவில்லை. குழாய்ச் சுருள் மேல் உட்கார்ந்துகொண்டார். தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஈரத்துண்டை அவள் தலையணை மேலேயே போட்டாராம். குழம்பில் உப்பே இல்லை என்று வேண்டுமென்றே பொய் சொன்னாராம். அவள் தம்பியைப் பற்றி, சாதாரண நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும் அளவுக்கு ஒரு வார்த்தை சொன்னாராம். எல்லாவற்றுக்கும் ஆவன செய்வதாகச் சொன்னாளாம்.

"துண்ட எடுத்துக் காயப்போட்டுட்டு, உப்பக் கொண்டுவந்து வச்சிட்டு, தம்பிகிட்டப் பேசறதையும் நிறுத்திட்டா" என்றார். "எனக்குப் பயமா இருக்கு தம்பி."

படிவம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, வரும் என்றேன்.

வந்தது. விண்ணப்பித்து ஐந்து மாதம் கழித்து, "மனைவியின் பதவி உயர்வு குறித்த கருத்து வேறுபாடு" என்ற பொருளில், வரும் வியாழக்கிழமை மாலை நான்கு முதல் நான்கரை வரை சச்சரவு செய்ய அனுமதி அளிக்கப்படுகிறது என்று முத்திரை போட்டு வந்தது. சுவர்ச் சாட்சி தவறாமல் கலந்துகொள்ளவேண்டும்.

மூன்றாம் எண் அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு மேஜைக் கடிகாரம். சுவரில் பழைய மீட்டர் மாட்டிய ஆணிகள் வரிசையாக அப்படியே இருந்தன. இணக்கம் சார் பொருளை வாசித்துவிட்டு, தரப்பினர் தொடங்கலாம் என்றார்.

அண்ணன் வாக்கியப் புத்தகத்தைத் திறந்தார். "தாங்கள் மேற்பார்வையாளர் பதவியை ஏற்க விரும்பியபோது என் உள்ளத்தில்" என்று வாசித்துக்கொண்டே போய் நிறுத்தினார். "அந்த வேலைதான் போயிடுச்சே சார். இப்ப எத வச்சுச் சண்டை போடறது" என்று கேட்டார். அனுமதித்த பொருளை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அண்ணன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் சொல்ல வந்தது சின்ன விஷயம் இல்லைன்னு. என் முகத்தப் பாத்தீங்க. பாத்துட்டுச் சுவத்தப் பாத்தீங்க."

எழுத்துத் தமிழ் என்று இணக்கம் சார் நினைவூட்டினார். அக்கா திரும்பவில்லை.

"வீடு போயிடும்னு பயந்தேன்" என்றார் அண்ணன்.

"சரி, பயந்தீங்க. பம்பு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? ஒரு மாசம் இருந்துச்சு. ஒரு நாள், வா நடந்துட்டு வரலாம்னு கூப்பிட்டிருந்தா ரோட்டுல நின்னு சொல்லியிருப்பேன்."

"எனக்கு அது தோணல."

"தோணாது. ஏன்னா கேக்காம இருக்கறது உங்களுக்கு வசதியா இருந்துச்சு. நானே அலைஞ்சு அலைஞ்சு படிவம் எழுதினேன். என்ன எழுதறன்னு ஒரு தடவை எட்டிப் பாத்தீங்களா?"

அண்ணன் முகம் சிவந்தது. நான் பார்த்து மாதக்கணக்கான சிவப்பு. மேஜையைக் கையால் தள்ளினார். "ஆமா, வசதியாத்தான் இருந்துச்சு. ஏதோ வேலை விஷயம், வர ராத்திரி ஆகும்னு அரசல்புரசலா எனக்குப் பட்டுச்சு. ஒம்பது மணிக்கு நீ வர்ற வரைக்கும் நான் தனியா உக்காந்து என்ன பண்றது? மகளும் இல்ல. உன்னக் கேட்டா இதச் சொல்லவேண்டி வரும்னுதான் கேக்கல. போதுமா?"

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்ல ஐயா. ஆறு மணிக்கு முடியற மாதிரி ஷிப்ட மாத்திக் கேட்டிருப்பேன், இல்ல வாரத்துல ரெண்டு நாள் வரமாட்டேன்னு சொல்லியிருப்பேன். வாயே திறக்காம நீங்களா முடிவு பண்ணிட்டீங்களே ஐயா."

ஐயா மறுபடி வந்துவிட்டார். அப்புறம் நடந்ததை முழுசாகச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தம்பி வந்தான், உப்பு வந்தது, கடிகாரத்தை மேடையில் பிடித்துக்கொண்டு நின்ற லட்சணம் வந்தது. இணக்கம் சார் புத்தகத்தின் எத்தனையாவது பக்கம் என்று தேடிக்கொண்டே இருந்தார்.

நான்கரைக்கு மேஜைக் கடிகாரம் அடித்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டு, ஒரு காகிதத்தை நகர்த்தினார். "சச்சரவு சுமுகமாகத் தீர்ந்தது" என்று அச்சடித்து, கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அக்கா அதைப் படித்துவிட்டு, "தீரலயே சார்" என்றார்.

"தீராத சச்சரவுக்கு இந்தப் பிரிவில் கோப்பு இல்லை அம்மா" என்றார் இணக்கம் சார். குரலில் கோபமே இல்லை. "தீர்ந்தது என்று கையெழுத்திடுங்கள். தீர்வது பிறகு நடக்கும். நடக்காவிட்டாலும் கையெழுத்து இருக்கும். எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டோம். அன்றைக்கு என்ன விஷயம் என்பதுகூட எனக்கு இப்போது நினைவில்லை."

அக்கா பேனாவைத் தொடவில்லை. அண்ணன் எடுத்தார். வீட்டை நினைத்து அவர் போட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தார் என்று முகத்தில் தெரிந்தது. அண்ணன் மூடியைத் திருகி, பேனாவைத் திரும்ப மேஜையில் வைத்தார். "அவங்களுக்குத் தீரலன்னா எனக்கும் தீரல" என்றார். இரண்டு பேரும் எழுந்து போனார்கள். வராந்தாவில் சண்டை தொடர்ந்தது, படியிறங்கியது, மரத்தடி மீட்டர்களைத் தாண்டிப் போனது.

சாட்சிக்கான இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் குவார்ட்டர்ஸ் வேண்டும்.

வராந்தா, படிக்கட்டு, மரத்தடி என மூன்று இடத்துக்கும் மூன்று சிவப்பு போட்டு, பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி அண்ணனுக்கு நோட்டீஸ் வந்தது. அண்ணனும் அக்காவும் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அந்த வருஷ அறிக்கையில் குவார்ட்டர்ஸில் சச்சரவு பூஜ்யம் என்று போட்டிருந்தார்கள். அடுத்த மாதமே அதே இடத்தில் குழாய் மறுபடி வெடித்தது. அன்று பணியில் இருந்தவர் கல்யாணமாகாத பையன். விசாரணைக் குழு அவன் அப்பா அம்மாவை வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். தெருமுனையிலேயே குரல் கேட்டது. மேலே போனால், இன்னும் அந்த மேற்பார்வையாளர் வேலைதான். வேலை போனது போனதுதான். இரண்டு யூனிட்டின் விடுப்புக் கணக்கும் புது மேற்பார்வையாளர் கையில். அக்கா இப்போது, தான் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் விடுப்பு கேட்டுக் கையெழுத்து வாங்கவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் வீட்டில் அந்தப் பேச்சு வரும் என்று அண்ணன் சொன்னார். அதற்கு அக்கா, வரத்தான் செய்யும், அடுத்த வருஷமும் வரும் என்றார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நடுவில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தீங்களே தம்பி. நீங்க சொல்லுங்க. யார் மேல தப்பு?"

சாட்சி எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று விதி இருக்கிறது. "அண்ணன் மேலதான்" என்றேன்.

அண்ணன் விட்டாரா. சிவப்பு ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டவன் நீ, கடைசியில் தீர்ந்துபோச்சுன்னும் கையெழுத்துப் போட்டவன் நீ, நீயா என்னைச் சொல்ல வந்தாய் என்று பிடித்துக்கொண்டார். பாத்திரம் விழுந்தது என்றுதான் எழுதினேன் என்று நானும் குரலை உயர்த்தினேன். அதுவரை பேசாமல் இருந்த என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். "இவர் எழுதினத விடுங்க அண்ணே. நம்ம விஷயம் எதுக்காவது ஒரு நாள் வாயத் திறந்திருக்காரான்னு கேளுங்க. ஒன்பது வருஷமா எங்கிட்ட ஒரு பட்டியலே இருக்கு" என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். எழுந்துபோக அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

டீ ஆறிவிட்டது. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, என்ன சத்தம், ஏதாவது பிரச்சினையா என்று கவலையாகக் கேட்டார். தையலக்கா கதவைப் பாதி திறந்து, "ஒண்ணும் இல்லைங்க, பேசிட்டு இருக்கோம். முடிய இன்னும் நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, என் மனைவியைப் பார்த்து, நீ சொல்லும்மா என்றார்.